பியோ ஊசுங் பந்து கொண்ட படலம்

வாழ்க அவள்! ஆறு ஆண்டும் நான்கு திங்களும் அகவை நிரம்பியவளும், மேல்வரிசை முன்பல் இரண்டை இழந்தும் வாய்வீரம் இழவாதவளும், பூசான் பெருநகரின் மலைச்சரிவில் நூற்றெழுபது படி ஏறினால் வரும் மூன்றாம் மாடி வீட்டில், சன்னல் வழியே கடலைக் கொஞ்சமும் எதிர்வீட்டுத் துணிக்கொடியை நிறையவும் கண்டு வளர்ந்தவளும், பேஸ்பால் என்னும் பெருந்தெய்வத்துக்கு மீளா அடிமை எழுதிக்கொடுத்த பியோ குலத்தின் ஒற்றைக் கொழுந்துமாகிய பியோ ஊசுங் என்னும் பெருமாட்டியைப் பாடுவோம்! அவள் தந்தை பியோ கிஹ்வானையும் தாத்தா பியோ தொக்சுவையும்கூடப் பாடத்தான் வேண்டும். பாடல் பெறும் தகுதி அவ்விருவருக்கும் இல்லை. ஆனால் கதையின் நட்டநடுவே கையுறையும் மாட்டிக்கொண்டு வழிமறித்து நிற்கிறார்களே, என்ன செய்வது!

வெண்தோல் போர்த்துச் செந்நூலால் நூற்றெட்டுத் தையலிட்ட உருண்டைப் பெருமாளே! மட்டையால் அடிபட்டு, மண்ணில் புரண்டு, கோடு தவறிப் பார்வையாளர் மண்டையில் விழுந்தும் மாளாத மாயமே! எம் நாவில் வந்து அமர்க. அமர்ந்தால் வலிக்கும் என்பதால், பக்கத்தில் எங்காவது உட்கார்ந்தாலும் போதும்.

கேளுங்கள், அவள் பிறந்த திறத்தை. ஊரார் மாளிகை லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு நூற்றெழுபது படியும் மூச்சிரைக்க ஏறிவரும் மாவீரன் கிஹ்வான், மனைவி தாக் சோரான் பிரசவ அறைக்குள் வலியால் துடித்த அந்த ஏப்ரல் பிற்பகலில், வெளியே தாழ்வாரத்தில் கைபேசியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, பூசான் கடற்காகங்கள் என்னும் தங்கள் குலதெய்வ அணி எட்டாம் சுற்றில் படும் பாட்டைக் கண்டு துடித்துக்கொண்டிருந்தான். செவிலி கதவைத் திறந்து, "பெண் குழந்தைங்க, தாயும் சேயும் நல்லா இருக்காங்க" என்றாள். அதற்கு அவன் விடுத்த வினா அந்த மருத்துவமனையில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது: "எத்தனை அவுட்?"

குழந்தைக்குப் பெயர் சூட்டியவர் பெரியவர் தொக்சு. மீன் துறைமுகத்தில் நாற்பதாண்டு ஐஸ் லாரி ஓட்டி, உடம்பெல்லாம் குளிர்ந்து, பேஸ்பாலில் மட்டும் சூடு தணியாமல் ஓய்வுபெற்றவர் அவர். கடற்காகங்கள் பட்டம் வென்று முப்பதாண்டுக்கு மேலாயிற்று. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு நல்ல பந்தெறிவோனை வாங்குவது அணியின் வேலை என்று கருதாமல், பேத்தியின் தலையில் அதை ஏற்றுவது தன் வேலை என்று கருதினார் பெரியவர். ஊசுங் என்றால் அவ்வூர்ப் பேச்சில் பட்டம் வெல்லுதல். 'பால் குடி, பட்டம் வெல்லுதலே', 'மூக்கைச் சிந்து, பட்டம் வெல்லுதலே' என்று நாள்தோறும் நூறுமுறை அழைத்தால் பட்டம் வெட்கப்பட்டாவது வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சோரான் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் பெயர் பதிவாகிவிட்டது.

முதற்பிறந்தநாள் வந்தது. மேசையில் பரப்பிய பொருள்களில் குழந்தை எதைத் தொடுகிறதோ அதுவே அதன் வருங்காலம் என்று பார்க்கும் அந்த மங்கல வேளையில், நூற்கண்டும் எழுதுகோலும் இருக்கவேண்டிய இடத்தில் பந்து, குட்டி மட்டை, கையுறை, தொப்பி, ஸ்கோர் எழுதும் ஏடு என ஐம்படைத் தாலி போல ஐந்தையும் அணிவகுத்து நிறுத்தியிருந்தனர் தந்தையும் தாத்தாவும். பல் மருத்துவமனையில் உதவியாளரான சோரான், தன் பங்குக்கு, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை ஓரத்தில் ஓசையின்றி வைத்தாள். குழந்தை கண்ணாடியை நோக்கித் தவழ்ந்தது. பெரியவர் பந்தைக் குறுக்கே நகர்த்தினார். குழந்தை சுற்றிப் போயிற்று. கிஹ்வான் மட்டையைக் குறுக்கே நீட்டினான். இவ்வாறு மும்முறை முற்றுகையிட்டும் முறியடித்து, குழந்தை கண்ணாடியைக் கைப்பற்றிய அந்தக் கணத்தில் அதன் இடது குதிகால் பந்தில் பட்டது. கேமரா மின்னியது. அந்தக் குதிகால் படம் இன்றும் கூடத்தில் பெரிதாகச் சட்டமிட்டுத் தொங்குகிறது. "தொட்டுச்சா இல்லையா? கையாலதான் தொடணும்னு எவன் சொன்னான்?" என்பது பெரியவரின் தீர்ப்பு.

இவ்வாறு வளர்க்கப்பட்ட பிள்ளை உலகத்தை எப்படி அறிந்திருக்கும்? மழலையர் பள்ளி ஆசிரியை ஒன்பதுக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டபோது, ஒன்பது சுற்றில் முடியும் ஆட்டத்தை மட்டுமே அறிந்த அவள், "சமமா இருந்தா பத்து வரும் மிஸ், இல்லாட்டி எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள். வாரத்தில் ஆறு நாள் ஆட்டம், திங்கட்கிழமை மட்டும் ஓய்வு என்பதால், திங்கள் என்பது அப்பாக்கள் பேசும் நாள் என்று நெடுங்காலம் நம்பினாள். ஒருமுறை புதன்கிழமை தோழி ஒருத்தியின் தந்தை அவளிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டபோது, அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஆசிரியையிடம் ஓடியவள் அவள்.

இவற்றையெல்லாம் அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாதது பெயர் ஒன்றே. படிக்கட்டின் அடியில் மீன்மாவைக் குச்சியில் கோத்து வேகவைத்து விற்கும் கடைக்காரர் அவளைக் கண்ட போதெல்லாம், "என்னம்மா ஊசுங், இந்த வருஷமாவது வருவியா?" என்பார். பள்ளி வேன் ஓட்டுநர் வருகைப் பட்டியலைப் பார்த்து, "ஊசுங் எங்க வரப்போகுது, வண்டியை எடுப்போம்" என்று சொல்லித் தானே சிரிப்பார். அவள் வகுப்பில் ஜியூ என்ற பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்தனர். அந்த மூவரைப் பார்த்து எவரும் எதுவும் சொன்னதில்லை. மூன்று ஜியூக்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கும் அந்தச் சுகத்தை அவள் கண்கொட்டாமல் பார்த்திருப்பாள்.

நிற்க. போர்க்களம் புகுவோம்.

செப்டம்பர் மாதத்து ஞாயிறு. பிற்பகல் இரண்டு மணி. தலைநகரிலிருந்து வந்த பகையணியோடு பொருதும் நாள். முதல் பேஸ் என்னும் அடித்தடத்துக்கு நேர் மேலே பன்னிரண்டாம் வரிசையில் பியோ குலம் பாசறை இட்டது. கிஹ்வானின் இடக்கையில் முப்பத்தோராண்டு எண்ணெய் பூசிப் பூசிப் பன்றிக்கொழுப்பின் மணம் ஏறிய கையுறை. சிறுவனாயிருந்த காலந்தொட்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதை அணிந்து வந்திருக்கிறான். கோடு தவறிப் பறந்துவரும் பந்து ஒன்றுகூட இதுவரை அதில் புகுந்ததில்லை. பெரியவர் தொக்சுவின் தலையிலோ மணிமுடி. குப்பை அள்ளிப் போடுவதற்காக வாயிலில் தரும் செம்மஞ்சள் பையை ஊதி, முடிந்து, காது இரண்டிலும் மாட்டி முடியாய்ச் சூடுவது அவ்வூர் மறவரின் மாண்பு. இருபதாயிரம் பேர் குப்பைப் பையைத் தலையில் சுமந்து குப்பையைக் காலடியில் போட்டு வீற்றிருந்த காட்சியை எவ்வாறு புகழ்வது!

சோரான் காய்ந்த கணவாயைக் கிழித்து மென்றபடி, மாமனாருக்கும் கணவனுக்கும் நடுவில் மகளை உட்காரவைத்து, தானோ ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்து, ஆட்டம் முடியும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் எதிர்பார்த்திருந்தாள்.

ஏழாம் சுற்று. கடற்காகங்கள் இரண்டு ஓட்டம் பின்தங்கியிருந்தன. கூட்டம் எழுந்தது. கடல் பொங்கினாற்போல, கார்மேகம் குமுறினாற்போல, ஒரே சொல்லை ஒரே தாளத்தில் இருபதாயிரம் தொண்டைகள் முழங்கின: "ஊ-சுங்! ஊ-சுங்! ஊ-சுங்!"

மூன்று வயதில் இந்த முழக்கத்தைக் கேட்டு அவள் இருக்கை மேல் ஏறி நின்று "இங்க இருக்கேன்!" என்று கை தூக்கியிருக்கிறாள். வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். இப்போது அவளுக்கு விவரம் தெரியும். இரு காதையும் பொத்திக்கொண்டு, வழுக்கி, இருக்கைக்கு அடியில், சோளப்பொரிக்கும் எலும்புத் துண்டுகளுக்கும் நடுவே போய்க் குந்திக்கொண்டாள்.

அந்தக் கணத்தில் மட்டை பந்தைச் சீவியது! சீவுண்ட பந்து கோடு துறந்து, களம் துறந்து, விண்ணேறி, பகலவனை ஒருகணம் மறைத்து, இரைகண்ட கருடனென, பன்னிரண்டாம் வரிசையை நோக்கி இறங்கலாயிற்று. கண்டான் கிஹ்வான். எழுந்தான். முப்பத்தோராண்டுத் தவமெல்லாம் திரண்ட இடக்கையை உயர்த்தினான். பக்கத்தில் பெற்ற தந்தையும் இரு கைகளை உயர்த்தினார். உயர்த்திய முழங்கை மைந்தனின் விலாவில் இறங்கியது. பந்து கையுறையின் நுனியில் பட்டு, துள்ளி, பெரியவரின் மணிமுடியில் மோதி, அம்முடி வேட்டுப் போல வெடித்துச் சிதற, கீழே விழுந்து உருண்டது.

என்னே அந்தப் போர்! பின்வரிசையில் இருந்த, பொரித்த கோழி ஒரு வாளியைத் தனியே உண்டு தீர்த்த, துறைமுகக் கிரேன் போன்ற தோளுடைய ஒருவர் இருக்கைக்கு மேலேயே பாய்ந்தார். கிஹ்வான் அவர் காலடியில் பாய்ந்தான். பெரியவர் இருவர் மேலும் பாய்ந்தார். பீர் ஆறாய் ஓடியது. கணவாய்க் கால்கள் சிதறின. கடுகுச் சாந்து பூசிய மார்புகளோடு மூவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிப் புரண்டனர்.

"யோவ், பந்து என் பக்கம்தான்யா உருண்டுச்சு!"

"அப்பா, முழங்கையால இடிச்சுட்டீங்களே!"

"முப்பது வருஷமா அந்த உறைக்கு எண்ணெய் போட்டியேடா, ஒரு பந்து நிக்கலையேடா அதுல!"

பந்தோ உருண்டு உருண்டு, எவர் கைக்கும் எட்டாத இருளில், காதைப் பொத்திக் குந்தியிருந்தவளின் காலில் முட்டி நின்றது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். பந்தை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் வெளியே ஊர்ந்து எழுந்தபோது வயிறு உருண்டையாய்ப் புடைத்திருந்தது. கிரேன் தோளர் முதலில் கண்டுகொண்டு கை நீட்டினார். உடனே, விழுந்த பந்து எவர் கையில் சிக்கினாலும் அருகிலுள்ள சிறுபிள்ளைக்கே சேரவேண்டும் என்ற அவ்வூர்ச் சட்டம், எட்டுத் திக்கிலிருந்தும் இடியாய் இறங்கியது: "புள்ளைக்குக் குடு! புள்ளைக்குக் குடு!" மைதானத்துப் பெருந்திரையிலும் அவர்கள் நால்வரும் மாளிகை அளவுக்குத் தோன்றினர். தோளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தம் வெற்று வாளிக்குத் திரும்பினார்.

பகைவர் நீங்கினர், இனி உறவினர்.

"என் தங்கமே," என்று பெரியவர் தேன் வடியக் குனிந்தார். "தாத்தாகிட்ட குடு. கண்ணாடிப் பெட்டி செஞ்சு, உள்ள வெச்சு, கீழ உன் பேரைப் பெருசா எழுதி வைக்கிறேன்."

"எந்தப் பேரை?"

"உன் பேரைத்தான். ஊசுங்னு."

"அந்தப் பேர் எனக்கு வேணாம்."

பெரியவர் சிரித்தார். கிஹ்வான் தந்தையைத் தள்ளிக்கொண்டு முன்வந்தான். "அப்பாகிட்ட குடும்மா. என் கையுறையிலதானே முதல்ல பட்டுச்சு."

அப்போது அந்தப் பெருமாட்டி, குலத்தவர் இருவரும் பின்வாங்கும்படி, இருக்கையின் மேல் ஏறி நின்றாள். சட்டைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, படிவழியை ஒட்டிய கம்பிக்கு அப்பால் கையை நீட்டினாள். கீழே பதினோரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் பந்துப் பசி எடுத்த வாய்கள். பல்லிழந்த சந்து வழியே காற்று சீறப் பிரகடனம் செய்தாள்:

"யாரும் கிட்ட வராதீங்க! எனக்கு ஜியூன்னு பேர் வெக்கணும். வெக்கிறேன்னு சொன்னா பந்து. இல்லாட்டி கீழ போட்ருவேன்."

"ஜியூவா?" என்றான் தந்தை. "உன் வகுப்புல ஏற்கெனவே மூணு ஜியூ இருக்குதேம்மா!"

"நான் நாலாவது ஜியூ."

பெரியவரின் முகம் கொதித்தது. மருமகள் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா?"

"நான் எதுவும் சொல்லலை மாமா," என்றாள் சோரான், கணவாயை மெல்வதை நிறுத்தாமல். "ஆனா மார்ச்சுல பெரிய ஸ்கூல்ல சேக்கணும். மாத்துறதுன்னா அதுக்கு முன்னாடி மாத்துறது நல்லது."

"மாத்துறதாவது! அது பேர் இல்லம்மா, வேண்டுதல்!" வெடித்த பையின் ஒரு கந்தல் இன்னும் காதில் தொங்க, பெரியவர் மார்பைத் தட்டினார். "நம்ம ஆளுங்க பட்டம் வாங்குற அன்னிக்கு இந்த ஊரே இவ பேரைச் சொல்லிக் கூவும். எந்தப் புள்ளைக்குக் கிடைக்கும் அந்த யோகம்?"

"இப்பவே கூவுறாங்க தாத்தா. நான் வரலைன்னு கூவுறாங்க."

பிறகு அவள் தாத்தாவை விட்டுத் தந்தையைப் பார்த்தாள்.

"அப்பா, போன செவ்வாய்க்கிழமை டிவியை அணைச்சுட்டு என்ன சொன்னீங்க?"

"என்னம்மா சொன்னேன்?"

"'ஊசுங்காம் ஊசுங்! சனியன், அதை நம்பி நம்பி என் வாழ்க்கையே போச்சு'ன்னு சொன்னீங்க."

"ஐயோ, அது உன்னை இல்லம்மா. அது டீமைச் சொன்னது."

"நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்."

தோற்ற நாள்களின் தொகை அந்த வீட்டில் மிகப் பெரிது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும், மெல்லிய சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை படுத்திருக்க, அதன் பெயரைச் சொல்லித் தான் வாரி இறைத்த வசைகளெல்லாம் ஒவ்வொன்றாய் அந்த மாவீரனின் நினைவில் ஏறிவந்தன. முப்பத்தோராண்டு எண்ணெய் குடித்த கையுறை அவன் பக்கத்தில் தொங்கியது, செத்த நண்டைப் போல.

அவ்வமயம் அவர்களின் முதுகுக்குப் பின்னே மட்டை ஒன்று இடியென ஒலித்தது. இருபதாயிரம் பேர் ஒருசேர எழுந்து அலறினர். கடற்காகங்களின் இளம் மட்டையன் ஒருவன் அடித்த பந்து, இடப்புறச் சுவரைத் தாண்டி, மூன்று ஓட்டங்களைத் தந்து, அந்த ஆண்டின் மிக நீண்ட அடி என்று பின்னர் பல வாரம் பேசப்பட்டது. பெரியவர் சுழன்று திரும்பினார். அதற்குள் எல்லாம் முடிந்து, அடித்தவன் சாவகாசமாய் ஓடிக்கொண்டிருந்தான். கிஹ்வான் திரும்பவில்லை. இந்தக் கதை முழுவதிலும் அவனைப் பாராட்ட நமக்குக் கிடைத்த இடம் இது ஒன்றுதான். எனவே அதைப் பதிவுசெய்கிறோம். கழுத்து பாதிவரை திரும்பிற்று என்பதையும், உண்மை கருதி, பதிவுசெய்கிறோம்.

"ஜியூ," என்றான்.

"என்ன?" கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"ஜியூ! ஜியூன்னே வெக்கலாம்மா! இறங்கு, விழுந்துரப் போற!"

"டேய், நான் சம்மதிக்கலை!" என்று கர்ச்சித்தார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்க பேர்ல யாரும் எதையும் எதிர்பாக்கலை இல்ல? நிம்மதியா எழுபது வருஷம் இருந்தீங்க இல்ல?"

பெரியவர் காதில் தொங்கிய கந்தலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவ்வாறு அவர் விட்டுக்கொடுத்ததை அதற்குமுன் கண்டோர் இலர். சோரான் முதன்முறையாக மெல்வதை நிறுத்தினாள்.

பெருமாட்டி இருக்கையிலிருந்து இறங்கி, சொன்ன சொல் தவறாதவளாய், பந்தைத் தந்தையின் கையுறைக்குள் வைத்தாள். முப்பத்தோராண்டில் அதனுள் புகுந்த முதல் பந்து! ஆனால் பெருந்திரையோ இன்னும் அவர்களையே காட்டிக்கொண்டிருந்தது. சின்னஞ்சிறு பிள்ளையிடமிருந்து தடித்த ஆண்மகன் பந்தைப் பறிக்கும் கொடுமையை இருபதாயிரம் பேரும் கண்டனர். வெற்றிக் களிப்பில் இருந்த தொண்டைகள் அனைத்தும் அறச்சீற்றம் கொண்டன: "ஏய்! புள்ளைக்குக் குடு! வெக்கமா இல்ல? புள்ளைக்குக் குடு!" கிஹ்வான் பதறிப் பந்தைத் திருப்பிக் கொடுத்தான். அவள் நேர்மை தவறாமல் மறுபடி அவனிடமே கொடுத்தாள். ஊளை இருமடங்காயிற்று. அவன் திருப்பிக் கொடுத்தான். அவள் திருப்பிக் கொடுத்தாள். ஐந்தாம் முறை கை மாறும்போது நடுவில் புகுந்த பெரியவர் பந்தைப் பிடுங்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, திரையை நோக்கி எதுவும் அறியாதவர் போல முறுவலித்தார். அந்த முறுவலின் மேல் எறியப்பட்ட கோழி எலும்புகளை எண்ணியவர் இலர்.

எஞ்சிய இரு சுற்றும் தந்தையும் மகனும் அந்தப் பைக்கு உரிமை கொண்டாடி வாதாடினர். அதற்குள் தலைநகரணி ஒன்பதாம் சுற்றில் நான்கு ஓட்டம் எடுத்துக் கடற்காகங்களை மண் கவ்வ வைத்தது. மணிமுடிகள் ஒவ்வொன்றாய்த் தலையிலிருந்து இறங்கிக் குப்பைப் பைகளாயின. கிஹ்வான் வழக்கம்போல் எதையோ சொல்ல வாயைத் திறந்தான், மகளைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

புதன்கிழமை சோரான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், பெயர் மாற்றும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.